பார்க்க மட்டும்

13 ஜூலை 2009, திங்கள்

காற்று. காலையிலிருந்தே. மண்டி வாசலில் மிளகாய் வத்தலைக் கொட்டிக் கிளறுகிறார்கள், நெடி மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்குகிற துணித்திரையைத் தாண்டி உள்ளே வருகிறது. தும்மல். கீபோர்டு மேல் சிவப்புத் தூசி. துடைத்தேன். திரும்பவும் தூசி.

நேற்று வந்திருந்த மதுரை மாமி, பத்தாவதோடு நின்றுவிட்டாயாமே, வீட்டில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். அம்மாதான் சொன்னாள், கம்ப்யூட்டரில் உட்காருவாள் என்று. மாமி சிரித்தார். என்ன செய்கிறேன் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். டைரி அன்வர் அண்ணன் கொடுத்தது. அரை வருஷம் காலியாகவே போய்விட்டது.

நெட்டில் எங்களுக்கு ஒரு கணக்கு ஷீட் இருக்கிறது. அண்ணன் போன பெருநாள் லீவில் சென்னையிலிருந்து வந்தபோது போட்டுக் கொடுத்தது. விருதுநகரில் அத்தாவின் மண்டி. சிவகாசியில் பெரியத்தாவின் கடை. சரக்கு இங்கே இறங்கும், பாதி அங்கே போகும். முன்பெல்லாம் ஒவ்வொரு லோடுக்கும் போன் மேல் போன், கத்தல். இப்போது இங்கே நான் அடித்தால் அங்கே தெரியும். அங்கே ஜன்னத் அக்கா அடித்தால் இங்கே தெரியும். பெரியத்தா மகள், என்னைவிட ஒரு வயது பெரியவள். அவளும் பத்தாவதோடு சரி.

ஷீட்டில் மூன்று பக்கம்.
சரக்கு: மண்டியில் என்ன இருக்கிறது, எது யாருக்கு ஒதுக்கியது.
சிவகாசி: அங்கே போன லோடு.
வீடு: இது அண்ணன் போட்டதில்லை. நாங்கள் போட்டது.

அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள், பெரியத்தா, அத்தா என்று அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் அடிப்போம். அவர்கள் முடித்த பிறகு, கீழே நாங்கள்.

யாரைச் சேர்ப்பது, யாருக்கு என்ன அனுமதி, எல்லாம் என் கையில். பெரிய காரணம் இல்லை. அன்றைக்கு அத்தாவின் மெயில் திறக்கவில்லை, அண்ணன் என் மெயிலில் தொடங்கிவிட்டான். அனுமதி இரண்டு வகை. மாத்தலாம். பார்க்க மட்டும்.

மாமியிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாலும் சிரித்திருப்பார்.

இன்றைய வீடு பக்கம்:
பெரியம்மா: முருங்கைக்கீரை அனுப்பாதே. இங்க மரமே சாஞ்சு கெடக்கு.
அம்மா: அப்ப நீ அனுப்பு.
ஜ. அக்கா: ஏலே, மழை வருமா அங்கன?
நான்: இல்ல.
ஜ. அக்கா: இல்ல, சரி, ம். இந்த மூணு வார்த்தைய வச்சே காலத்தை ஓட்டிருவ போல.
நான்: ம்.

15 ஜூலை, புதன்

மதியம் கரண்ட் இல்லை. மூட்டை மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னை.

அண்ணாச்சிக்குக் கோபம். எங்கள் மண்டியில் கணக்கு பார்ப்பவர், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. திரைக்கு அந்தப் பக்கம் நின்று அவர் மூட்டைகளைப் படிக்க, இந்தப் பக்கம் நான் அடிப்பேன். போன வாரம் நான் சாப்பிடப் போன நேரத்தில் கீபோர்டு மேல் பேரேட்டை வைத்துவிட்டார். ஒரு வரிசை உளுந்தே அழிந்துபோனது. அண்ணன் போனில், அவருக்குப் பார்க்க மட்டும் வை என்றான். வைத்தேன். இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஏம்மா ஆயிஷா, மண்டிச் சாவி இம்புட்டு வருசமா என் இடுப்புலதான் கெடக்கு. இப்பக் கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னு பாருங்கறியா?"

தட்டுவதை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்றார்.

"இருக்கியா? தட்டுற சத்தம் கேட்டாத்தான் ஆளு இருக்கறதே தெரியுது."

இருக்கேன் அண்ணாச்சி என்றேன். சிரித்துவிட்டார். அவருக்குக் காலையில் நான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற பேப்பர் போதுமாம். அதில் இருப்பதுபடி லாரியில் ஏற்றிவிடுவார். ஆனால் சிவகாசிக்காரர்களுக்கு இப்படிச் செய்துவிடாதே என்றார். பெரியவரைப் பார்க்க மட்டும் என்றால், வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிற்க வைப்பது மாதிரியாம்.

பெரியத்தாவுக்கு மாத்தலாம்தான். அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ஆனாலும் மாத்தலாம்.

17 ஜூலை, வெள்ளி

ஜும்ஆ. மண்டி அமைதி. நெட் மெதுவாக.

ஜ. அக்கா எழுதினாள்: மாப்பிள்ளையை ஷீட்டில் சேர்க்கணுமாம். ரபீக். அவளைப் பேசியிருக்கிறவர். நிக்காஹ் பெருநாள் கழித்து. சிவகாசியில் மளிகைக் கடை. தீபாவளி வந்தால் பட்டாசுக் கம்பெனிகள் ஆட்களுக்கு மளிகைப் பை கொடுப்பார்கள், பருப்பு, வத்தல், எண்ணெய் என்று. விஸ்வநத்தம், எம். புதுப்பட்டி பக்கமெல்லாம் பை கட்டிக் கொடுப்பது அவர். சரக்கு பெரியத்தாவிடம் வாங்குவார். தினமும் வந்து கேட்பதற்கு நேராகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம்.

பார்க்க மட்டும் கொடுக்கவா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜ. அக்கா: அத்தா சொல்றாக, மாப்பிள்ளைக்குக் குறைச்சுக் கொடுத்தா மரியாதையா இருக்காதாம்.

என் அத்தாவிடம் போய்க் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணனே சொல்லிட்டாகள்ல. குடு."

கொடுத்தேன். மாத்தலாம்.

ஜ. அக்கா: இனி இங்கன எழுதும்போது பார்த்து எழுதணும் போல. அவரு படிப்பாரு.
நான்: ம்.
ஜ. அக்கா: மருதாணி நீதான் வைக்கணும் எனக்கு. வேற ஆரு வந்தாலும் கைய நீட்ட மாட்டேன். ரெண்டு கையும். முழங்கை வரைக்கும்.
நான்: சரி.

ஒவ்வொரு பெருநாளுக்கும் நான்தான் அவளுக்கு வைப்பது. வைக்கும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள், கையை மட்டும் ஆட்ட மாட்டாள்.

செருப்பு வார் அறுந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

20 ஜூலை, திங்கள்

காலையில், எங்களிடம் சரக்கு வாங்குகிற மதுரைப் பார்ட்டியின் லாரி வந்தது. அவர்களுக்கு ஒதுக்கிய துவரை இல்லை. சனிக்கிழமையே அத்தனையும் சிவகாசிக்கு ஏறிப் போயிருக்கிறது.

அண்ணாச்சி சனிக்கிழமைப் பேப்பரை எடுத்துக் காட்டினார். துவரைக்கு நேராக மதுரைப் பார்ட்டி பெயர் இல்லை, ரபீக் கடைப் பெயர். "பேப்பர்ல இருந்துச்சு, ஏத்துனேன் பாய்." அத்தா திரையை விலக்காமல் பேப்பரை மட்டும் உள்ளே நீட்டினார். யார் மாத்தினது பாரு என்றார்.

யார் எப்போது மாற்றினார்கள் என்று ஷீட்டில் பழையதெல்லாம் இருக்கும். பார்த்தேன். ரபீக். வெள்ளிக்கிழமை சாயந்திரம். நான் சேர்த்த அன்றைக்கே.

மதுரை லாரி வெறுமனே திரும்பிப் போனது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

அத்தா நின்றபடியே போன் போட்டார். பஜாருக்கே கேட்டிருக்கும். பெரியத்தா குரலும் போனைத் தாண்டி வந்தது. முதலில் சுகம் விசாரித்தார்கள். பிறகுதான்.

"நம்ம வீட்டு மாப்பிள்ளைதானே. எடுத்தா என்ன?"

"எடுத்தது சரிண்ணே. கேக்கலைல்ல."

"குடுத்துட்டு அப்புறம் என்ன கேள்வி? மாத்தலாம்னு உன் மகதானே குடுத்தா."

அத்தா திரும்பித் திரையைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப்புக்கும் ஜிக்கும் நடுவில் ஒரு வத்தல் விதை.

அப்புறம் சத்தம்தான். மாப்பிள்ளையைத் திருடன் என்கிறாயா என்று அங்கிருந்து. என் வார்த்தைக்கு மதுரையில் இனி என்ன மதிப்பு என்று இங்கிருந்து. கடைசியில் பெரியத்தா, இனி உன் சரக்கு ஒரு மணிகூட எனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

மதியம் வீடு பக்கத்தில் ஜ. அக்கா: அத்தா செருப்புப் போடாமயே கடைக்குப் போய்ட்டாக. அங்கன?
நான்: சாப்பிடல.
ஜ. அக்கா: நீ?
நான்: சாப்பிட்டேன்.

சாப்பிட்டேன். வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு. ரசம், அப்பளம். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

21 ஜூலை, செவ்வாய்

அன்வர் அண்ணன் போனில். எல்லாருக்கும் எதுக்கு மாத்த விட்டே என்று கேட்டான். பெரியத்தா சொன்னாக, மரியாதைக்குன்னு, என்றேன். "அதுக்கு நான் எங்கிட்டுப் போயி ஒரு பொத்தான் வைக்க?" என்றான். சிவகாசி ஆட்கள் எல்லோரையும் எடுத்துவிடு என்றான்.

அத்தா சொல்லட்டும் என்று இருந்தேன்.

அந்த வீட்டுக்கு இனி யாரும் போன் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். போன் எப்போதும் மண்டி மேசையில், அவர் கைக்கெட்டும் தூரத்தில். செல் அவர் சட்டைப் பையில். சொல்லாவிட்டாலும் பேசியிருக்க முடியாது.

22 ஜூலை, புதன்

அத்தா வந்து எனக்குப் பின்னால் நின்றார். சிவகாசி ஆட்கள் பெயரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எடுத்துவிடச் சொல்வார் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன்.

"எடுக்காத. பார்க்க மட்டும் ஆக்கு. அவுக இல்லாம நாம எம்புட்டு ஓட்டுறோம்னு தெனம் பார்க்கட்டும்."

அண்ணாச்சி அந்தப் பக்கம் இருமினார்.

பெரியத்தா: பார்க்க மட்டும்.
ரபீக்: பார்க்க மட்டும்.
ஜன்னத்: ?

ஜ. அக்காவை மட்டும் விட்டுரவா அத்தா என்று கேட்க வேண்டும். வார்த்தையை வாய்க்குள் அடுக்கி முடித்துத் திரும்பினேன். அத்தா மண்டிக்குள் போய்விட்டிருந்தார். ஒரு மூட்டையைக் குத்தி, கை நிறையத் துவரையை எடுத்து வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னத்: பார்க்க மட்டும்.

மூன்று பேருக்கும் ஆகிவிட்டது. அம்மாவின் பழைய செருப்பையே போட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் பெரிது.

24 ஜூலை, வெள்ளி

வீடு பக்கத்தில் நாலு நாளாக ஒன்றுமில்லை. கடைசி வரி என்னுடையது, 'சாப்பிட்டேன்' என்று நிற்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு எழுதினேன்: இருக்கியா?

ஷீட்டை யார் திறந்து வைத்திருக்கிறார்களோ அவர்கள் பெயர் மேல் மூலையில் வரும். பார்த்தேன். ஜன்னத். இருக்கிறாள். அவள் அங்கே தட்டிக்கொண்டிருப்பாள், ஒன்றும் விழாது.

பெயர் மறைந்தது. மூடிவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பவும் வந்தது.

எழுதினேன்: நான் எழுதறது தெரியுதுன்னா ஒரு தடவை போயிட்டு வா.

போனாள். வந்தாள்.

எழுதினேன்: ஆமான்னா ஒரு தடவை. இல்லைன்னா ரெண்டு தடவை. சரியா?

போனாள். வந்தாள்.

அதற்கு மேல் எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இதுவரை அவள்தான் பேசுவாள், நான் ம் என்பேன். இப்போது அவளால் ம் மட்டும்தான் முடியும். பேசுவது நான்தான். உட்கார்ந்து யோசித்தேன். பூனை குட்டி போட்டிருக்கு என்று எழுதினேன். போனாள், வந்தாள்.

27 ஜூலை, திங்கள்

காலையிலேயே கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆமா, இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வி அமைப்பது கஷ்டம். 'எப்படி இருக்க' என்று கேட்க முடியாது. 'நல்லா இருக்கியா' என்றுதான் கேட்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு உடம்பு சரியா இருக்கா? ஆமா.
பெரியத்தா இதைப் பார்க்கறாகளா? இல்லை.
ரபீக்? இல்லை.
உனக்கு அங்க ஏச்சு விழுதா? பெயர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இரண்டு தடவை. இல்லை.
நிக்காஹ் சொன்ன நாள்லதானா? ஆமா.

அத்தா தினமும் காட்டுகிறார். அங்கே பார்ப்பது அவள் ஒருத்திதான்.

அம்மா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. தாளையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கம் கேட்கவில்லை. "பிரஷர் மாத்திரை தீந்திருக்கும் உன் பெரியம்மாவுக்கு. வாங்கினாளான்னு கேளு" என்றாள். கேட்டேன். ஆமா.

"ஜன்னத் எங்கன இருக்கா?"

மேல் மூலையைக் காட்டினேன். புறங்கையால் அந்தப் பெயரைத் தொட்டாள். கண்ணாடியில் மஞ்சள் பட்டது. துடைக்கவில்லை.

31 ஜூலை, வெள்ளி

சரக்கு பக்கத்தில் எண்கள் கூடிக்கொண்டே போகின்றன. முன்பு கூடும், குறையும். சிவகாசிக்குப் போகிற பாதி போகவில்லை. மதுரைப் பார்ட்டி வேறு மண்டிக்குப் போய்விட்டது. சிவகாசி பக்கத்தில் 18 ஜூலைக்குக் கீழே வெள்ளை.

தீபாவளி ஆர்டர் சீசன். அத்தா நேற்று அவரே சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி விஸ்வநத்தம் போனார். அங்கிருந்து எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனிகளில் நேரடியாக ஆர்டர் கேட்பதற்கு. கூடப் போன அண்ணாச்சி இன்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார், மெதுவாக. எல்லா இடத்திலும் உட்கார வைத்து டீ கொடுத்தார்களாம். உங்க அண்ணன்கிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும்தானே வாங்குறோம் பாய், அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறோம் என்றார்களாம். எல்லா இடத்திலும் அதே பதில்.

அத்தா கையில் ஒரு மத்தாப்புப் பெட்டியோடு வந்தார். கம்பெனியில் கொடுத்ததாம். அலமாரி மேல் வைத்திருக்கிறார். ஆர்டர் இல்லை.

சாயந்திரம்.
நான்: எங்க சரக்கு பக்கம் பார்க்கறியா?
ஆமா.
நான்: பெரியத்தாகிட்ட சொல்வியா?
போனாள், வந்தாள். போனாள், வந்தாள்.

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

4 ஆகஸ்ட், செவ்வாய்

உளுந்தில் வண்டு. இரண்டு மூட்டையைப் பிரித்து வெயிலில் கொட்டினார்கள். பூனைக்குட்டிகள் அதில் விளையாடப் போய், விரட்டினார்கள்.

அத்தா வந்தார். துவரையில் கொஞ்சம், வத்தலில் கொஞ்சம் போனதாகப் போடு என்றார். எங்கே போனதாக என்று கேட்கவில்லை. அடித்தேன். எண் குறைந்தது.

அண்ணாச்சியிடம் பேப்பர் போனது. படித்தார். எழுந்து நின்று மண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"பாய், பேப்பர்ல இல்லாத மூட்டை மேலதான் இப்ப நான் உக்காந்திருக்கேன். எந்திரிக்கவா, இருக்கவா?"

சுமை தூக்குபவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தாவும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வெளியே போய்விட்டார்.

சாயந்திரம் பழைய எண்ணையே போடச் சொன்னார். போட்டேன்.

ஜ. அக்கா இரண்டையும் பார்த்திருப்பாள். நான் ஒன்றும் எழுதவில்லை. அவள் பெயர் வந்து வெகுநேரம் இருந்தது.

7 ஆகஸ்ட், வெள்ளி

இன்று ராத்திரி பராஅத், விழித்திருந்து தொழுகிற ராத்திரி. காலையிலிருந்து ரொட்டி. மாவு பிசைந்து கை வலி. ஒவ்வொரு வருஷமும் சிவகாசி லாரியில் டிரைவரிடம் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்துவிடுவோம். பெரியம்மா அதே சட்டியில் அவள் சுட்டதைப் போட்டு அனுப்புவாள். இரண்டும் ஒரே ரொட்டிதான். அவர்களுடையதில் ஏலக்காய் கொஞ்சம் கூட.

இந்த வருஷம் லாரி இல்லை. அம்மா எப்போதும் சுடுகிற அளவே சுட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அத்தா அடுப்படிக்கு வந்து தட்டைப் பார்த்தார். அடுக்கி வைத்த ரொட்டி. மண்டிப் பக்கம் போனார். அங்கே அடுக்கி வைத்த மூட்டை. திரும்பி வந்து கதவோரம் நின்றார்.

"அவுகளை எடுத்துடு ஆயிஷா. பார்க்கறதுக்கு இனி இங்க ஒண்ணும் இல்ல."

"எல்லாரையுமா?"

என் குரல்தான். அவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரையும்."

"இப்பவா?"

"இன்னைக்கு வேணாம். நல்ல நாளு. நாளைக்கு எடு."

ரொட்டியில் ஒன்று கருகிவிட்டது. நான் சாப்பிட்டேன்.

8 ஆகஸ்ட், சனி

காற்று இல்லை. புழுக்கம்.

அஸர் முடிந்து அவள் பெயர் வந்தது. எழுதினேன்: இன்னைக்கு உன்னையும் எடுக்கச் சொல்லிட்டாக. எடுக்கப் போறேன். படிச்சிட்டியா?

போனாள். வந்தாள்.

அப்புறம் நிறைய எழுதினேன். வீடு பக்கத்தில் இவ்வளவு நான் எழுதியதே இல்லை. ரொட்டி மிச்சமிருக்கிறது என்று. உளுந்தில் வண்டு என்று. பூனைக்குட்டியில் ஒன்றுக்கு வால் வளைந்திருக்கிறது என்று. மத்தாப்புப் பெட்டியை அத்தா இன்னும் பிரிக்கவில்லை என்று. கொல்லையில் மருதாணிச் செடியை வெட்டிவிட்டிருந்தார்கள், திரும்பத் துளிர்த்திருக்கிறது என்று. ஒவ்வொரு வரிக்கும் போனாள், வந்தாள்.

கடைசியாக: மருதாணி வைக்க நான் வருவேனா?

பெயர் இருந்தது.

ஒரு தடவையும் போகவில்லை. இரண்டு தடவையும் போகவில்லை. அப்படியே இருந்தது. படித்திருக்க மாட்டாளோ என்று அதையே கீழே இன்னொரு தடவை எழுதினேன். பெயர் இருந்தது. மின்விசிறி சுற்றியது. ஆமாவுக்கு வைத்திருந்தோம், இல்லைக்கு வைத்திருந்தோம். இதற்கு நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து அத்தா: "எடுத்தாச்சா?"

சரி, என்று ஷீட்டில் எழுதினேன். அவளுக்கு.

பெரியத்தா: எடுத்தேன்.
ரபீக்: எடுத்தேன்.
ஜன்னத்: நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் ஒரு முறை கேட்டது. ஆமா என்பதை அழுத்தினேன்.

எடுத்த பிறகும் மேல் மூலையில் பெயர் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் இல்லை.

எடுத்துட்டேன் அத்தா என்றேன். ம் என்றார்.

10 ஆகஸ்ட், திங்கள்

திரும்பவும் காற்று. வத்தல் நெடி. தும்மல்.

ஷீட்டில் இப்போது: அத்தா, அண்ணன், நான். மாத்தலாம். அண்ணாச்சி, பார்க்க மட்டும்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பெரியம்மாவுக்கு அடி. ரொட்டி மிச்சத்தைக் காய வச்சிருக்கேன், கெடாது. ஆள் வந்தா குடுத்துவிடறேன்."

"அவுகளை எடுத்தாச்சும்மா. சனிக்கிழமையே."

"தெரியும். நீ அடி."

வீடு பக்கம் திறந்தேன். 'மருதாணி வைக்க நான் வருவேனா' இரண்டு தடவை இருந்தது. அதற்குக் கீழே 'சரி'. அதற்குக் கீழே அடித்தேன். அம்மா: ரொட்டி மிச்சத்தைக் காய வச்சிருக்கேன், கெடாது. ஆள் வந்தா குடுத்துவிடறேன்.

அம்மா மேல் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் கறை இன்னும் அங்கேயே. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள்.

கை கீபோர்டில் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் அண்ணாச்சி படிக்க ஆரம்பித்தார். சம்பா வத்தல். குண்டு வத்தல். நிறுத்தினார்.

"இருக்கியா ஆயிஷா?"

ஒரு தடவை தட்டினேன்.